மஞ்சளும் கீரையும் விழித்திரை வரை போய்ச் சேருமா?

கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். கேட்டவரின் அப்பாவுக்கு 67 வயது. வயது சார்ந்த மாக்குலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போவது), உலர் வகை, நடுத்தரக் கட்டம் என்று கண் மருத்துவர் சொல்லி, லூட்டின் என்ற தாவர நிறமி கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் ஒருவர் மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் கேப்சூல் வாங்கி வந்திருக்கிறார். இன்னொருவர் குங்குமப்பூ என்கிறார். ஊரிலிருந்து வந்த சித்தி பொன்னாங்கண்ணிக் கீரையே போதும் என்கிறார். "மஞ்சளில் உள்ள பொருள் விழித்திரை செல்கள் சாகாமல் காப்பாற்றுகிறது என்று ஆய்வுக் கட்டுரையே இருக்கிறதே, அப்படியானால் கொடுக்கலாம்தானே?" என்பதுதான் கேள்வி.

கட்டுரை இருப்பது உண்மைதான். மஞ்சள், பச்சைத் தேயிலை, திராட்சைத் தோல், வெங்காயம் என்று எதை எடுத்தாலும் அதிலிருக்கும் ஏதோ ஒரு பொருள் விழித்திரை செல்லைக் காப்பாற்றியதாக ஒரு கட்டுரை கிடைக்கும். அந்த மாதிரி சோதனைகள் நடக்கும் ஆய்வகத்தில் சில வருடங்கள் நானும் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் "காப்பாற்றியது" என்ற சொல்லுக்கு அந்தக் கட்டுரைகளில் என்ன பொருள் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்தால் கேப்சூல் விஷயம் பாதி முடிந்துவிடும்.

பெரும்பாலான சோதனைகளில் பயன்படுவது ஏஆர்பிஇ-19 என்ற செல் வரிசை. 19 வயதில் இறந்த ஒருவரின் கண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, 1996-ல் வெளியான கட்டுரை மூலம் உலகம் முழுக்கப் பரவியது. இவை விழித்திரையின் நிறமி அடுக்கு செல்கள். ஒளியை வாங்கும் குச்சி செல்களுக்கும் கூம்பு செல்களுக்கும் அடியில் ஒற்றை வரிசையாக உட்கார்ந்து, மேலே இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, அவர்கள் தினமும் உதிர்க்கும் நுனிகளை விழுங்கிச் செரிக்கிற வேலை இவற்றுடையது. ஒளி வாங்கும் செல் ஒவ்வொன்றும் தன் நுனித் தட்டுகளில் பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்க்கிறது. அறுபது, எழுபது வருடம் அதை அள்ளிக்கொண்டே இருந்தால் செரிக்காத கழிவு சேரத்தானே செய்யும்? மாக்குலா சிதைவு பெரும்பாலும் இந்த அடுக்கில்தான் ஆரம்பிக்கிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் இந்த செல்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

செல்களை 96 சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்போம். அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் செல்கள் சாகும். முன்கூட்டியே குர்குமினைப் போட்டு வைத்துவிட்டுப் பெராக்சைடு ஊற்றினால் குறைவாகச் சாகும். "குர்குமின் விழித்திரை செல்களைக் காப்பாற்றியது" என்று எழுதுவது இதைத்தான். சோதனை பொய் இல்லை. ஆனால் தட்டில் நடப்பதற்கும் அப்பாவின் கண்ணில் நடப்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

முதல் சிக்கல் அளப்பதிலேயே வரும். செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைப் போடுவோம். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு செல் பிழைத்திருக்கிறது என்று கணக்கு. ஒருமுறை வெங்காயத்தில் இருக்கும் குவெர்செட்டினை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, செல்லே இல்லாத வெற்றுக் குழிகள் சிலவற்றிலும் குவெர்செட்டினையும் சாயத்தையும் போட்டுப் பார்த்தேன். சில மணி நேரம் கழித்து இன்குபேட்டரைத் திறந்தால் அந்தக் குழிகளும் ஊதா! செல் ஒன்றுகூட இல்லை, ஆனால் கருவி "பிழைத்திருக்கிறது" என்று எண் காட்டுகிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரப் பொருட்களில் பல, செல்லின் உதவியில்லாமல் தாமாகவே அந்தச் சாயத்தை மாற்றிவிடும். துறையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் வெற்றுக் குழியைச் சோதித்துப் பார்க்காமல் வெளியாகும் கட்டுரைகள் உண்டு. அன்றிலிருந்து ஒரு கட்டுரையைத் திறந்தால் நான் முதலில் தேடுவது அந்த வெற்றுக் குழிக் கணக்கைத்தான்.

இரண்டாவது, பொருள் தட்டில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. குர்குமினை ரத்தத்தின் அமிலக் காரத் தன்மைக்குச் சமமான கரைசலில், உடல் வெப்பத்தில், சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) சேர்க்காமல் விட்டால் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிதைந்துவிடும். 24 மணி நேரம் கழித்து நாம் பார்க்கும் விளைவு குர்குமின் செய்ததா, அது உடைந்து வந்த துண்டுகள் செய்ததா?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது: அளவு. தட்டில் 10, 20 மைக்ரோமோலார் (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அலகு) அளவில் சாதாரணமாகப் போடுவார்கள். மனிதர்களுக்கு ஒரே நாளில் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த சோதனையில்கூட ரத்தத்தில் உச்ச அளவு 2 மைக்ரோமோலாரை எட்டவில்லை. 8 கிராம் என்பது மஞ்சள் தூள் இல்லை, பிரித்தெடுத்த குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் சில சதவீதம்தான். குழம்பில் போடும் அரை ஸ்பூன் மஞ்சளில் என்ன இருக்கும், அதில் குடலைத் தாண்டுவது எவ்வளவு, கல்லீரல் விட்டுவைப்பது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். சரி, அளவை ஏற்றிவிடலாமே என்றால், 2013-ல் ஒரு ஜெர்மன் குழு மனித நிறமி அடுக்கு செல்களில் 10 மைக்ரோமோலாருக்கு மேல் குர்குமின் போட்டபோது செல்களே சாகத் தொடங்கியதைக் காட்டியது. காப்பாற்றும் அளவும் கொல்லும் அளவும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

மிளகு சேர்த்தால் குர்குமின் உடம்பில் பிடிக்கும் என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் 1998-ல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வு. 2 கிராம் குர்குமினோடு மிளகிலிருக்கும் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உறிஞ்சப்பட்ட அளவு சுமார் இருபது மடங்கு கூடியது. ஆனால் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் கிடைத்ததோ கண்டறிய முடியாத அளவுக்குக் கொஞ்சம். அதை இருபதால் பெருக்கினாலும் பெரிய அளவு வந்துவிடாது. அதோடு, பைப்பரின் இந்த வேலையைச் செய்வது கல்லீரலும் குடலும் பொருட்களைக் கழித்துத் தள்ளும் வேகத்தைக் குறைப்பதால்தான். அப்பா ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அந்த மருந்துகளின் அளவும் ரத்தத்தில் கூடலாம். நன்றாக உறிஞ்சப்படும்படி தயாரித்த மஞ்சள் கேப்சூல்களைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவுகள் இருக்கின்றன. குழம்பு, ரசத்தில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. கேப்சூலைத்தான் சொல்கிறேன்.

அப்புறம், ரத்தத்தில் இருப்பதெல்லாம் விழித்திரைக்குள் போய்விடாது. மூளைக்கு இருப்பதுபோல விழித்திரைக்கும் இரட்டைக் காவல் உண்டு. உள்பக்க ரத்தக் குழாய்களின் சுவர் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகத் தைக்கப்பட்டவை. வெளிப்பக்கம் அந்த நிறமி அடுக்கே மதில். லண்டன் ஆய்வாளர்கள் 2018-ல் குர்குமினை மிக நுண்ணிய துகள்களில் ஏற்றி, சொட்டு மருந்தாக எலிகளின் கண்ணில் விட்டு, விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முடிச்சு செல்கள் சாவது குறைந்ததைக் காட்டினார்கள். வாய்வழி சாப்பிட்டால் போய்ச் சேராது என்பதை ஏற்றுக்கொண்டு, வேறு வழி தேடியதால் அந்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் அது எலி. கடையில் விற்கும் கேப்சூலுக்கு அந்த முடிவு பொருந்தாது.

இப்போது லூட்டினுக்கு வருகிறேன். இங்கே கதை வேறு.

மாக்குலா லூட்டியா என்றால் லத்தீனில் மஞ்சள் புள்ளி. விழித்திரையின் நடுவில், நாம் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் பயன்படுத்தும் அந்தச் சின்ன இடம் நிஜமாகவே மஞ்சள் நிறம். அந்த மஞ்சள் தாவரத்திலிருந்து வந்தது. இலைகளிலும் காய்களிலும் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிகளில் பத்துக்கு மேற்பட்டவை நம் ரத்தத்தில் ஓடுகின்றன. அத்தனையிலிருந்தும் லூட்டின், ஸியாஸாந்தின் என்ற இரண்டை மட்டும் மாக்குலா பொறுக்கி எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. லூட்டினில் ஒரு பகுதியைக் கண்ணே மாற்றி, மீஸோ-ஸியாஸாந்தின் என்ற மூன்றாவது நிறமியாக்கிக்கொள்கிறது. நம் உடம்பு இவற்றைச் சுயமாகத் தயாரிக்காது, சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் வால்ட் 1945-லேயே இது இலை நிறமி வகை என்று சொல்லியிருந்தார். 1985-ல் ரிச்சர்ட் போன், ஜான் லாண்ட்ரம் என்பவர்களின் குழு இவை இன்னவை என்று அடையாளம் கண்டது.

தானாகக் கசிந்து வந்து தங்கியதல்ல இது. லூட்டினைப் பிடித்து வைக்க ஒரு புரதமும், ஸியாஸாந்தினைப் பிடித்து வைக்க வேறொரு புரதமும் விழித்திரையில் இருக்கின்றன. மாக்குலாவின் நடு மையத்தில் ஸியாஸாந்தின் அதிகம், ஓரத்துக்குப் போகப் போக லூட்டின் அதிகம். குர்குமினுக்கோ குவெர்செட்டினுக்கோ இப்படிப் பெயர் எழுதி வைத்த இருக்கை விழித்திரையில் கிடையாது. பிறந்ததிலிருந்து இந்த நிறமிகள் இல்லாத தீவனம் கொடுத்து வளர்த்த குரங்குகளின் மாக்குலாவில் மஞ்சளே இல்லை. நிறமி அடுக்கு செல்களின் அமைப்பும் அவற்றில் மாறியிருந்தது.

அங்கே உட்கார்ந்து அவை என்ன செய்கின்றன? 460 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை, அது கூம்பு செல்லின் நுனியைத் தொடுவதற்கு முன்பே உறிஞ்சுகின்றன. ஒளி பட்டு உருவாகும் தீவிரமான ஆக்சிஜன் வடிவங்களையும் அடக்குகின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இலைக்குள்ளும் இவற்றுக்கு இதே வேலைதான். உச்சி வெயிலில் இலைக்குத் தேவைக்கு மேல் ஒளி வந்து விழும்போது, அந்த மிச்ச ஆற்றலை வெப்பமாகக் கழித்துவிட்டுப் பச்சையத்தைக் காப்பது லூட்டினும் ஸியாஸாந்தினும்தான். வெயில் ஏற ஏற இலை வேறொரு நிறமியை ஸியாஸாந்தினாக மாற்றிக்கொள்ளும், நிழல் வந்தால் திருப்பிக்கொள்ளும். முருங்கை இலையில் வெயிலைத் தாங்கும் அதே பொருள் நம் கண்ணுக்குள் வந்து அதே வேலையைப் பார்க்கிறது.

இனி நோயாளிகளிடம் என்ன தெரிந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் தேசிய கண் நிறுவனம் ஏரெட்ஸ் என்ற பெரிய சோதனையை நடத்தி 2001-ல் முடிவை வெளியிட்டது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், செம்பு சேர்ந்த கலவை, நடுத்தரக் கட்டத்தில் இருந்தவர்கள் முற்றிய கட்டத்துக்குப் போகும் வாய்ப்பை ஐந்து வருடத்தில் சுமார் 25 சதவீதம் குறைத்தது. ஆனால் பீட்டா கரோட்டினில் ஒரு கெடுதல் தெரிந்திருந்தது. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994-ல் அது வெளியானபோது பலரும் அதிர்ந்தார்கள். கேரட்டில் இருக்கும் அதே பொருள் மாத்திரையாக, தனியாக, பெரிய அளவில் போகும்போது வேறு முகம் காட்டியது. அதனால் 4,203 பேரை வைத்து இரண்டாவது சோதனை நடந்தது. 10 மில்லிகிராம் லூட்டின், 2 மில்லிகிராம் ஸியாஸாந்தின் சேர்த்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது.

அந்த முடிவை விற்பனை விளம்பரங்கள் சொல்வதுபோல் சொல்லக் கூடாது. பழைய கலவையோடு லூட்டினைக் கூடுதலாகச் சேர்த்ததால் பெரிய பலன் தெரிந்ததா என்ற முதன்மைக் கேள்விக்கு விடை "இல்லை". மீன் எண்ணெய்க்கும் அதே விடை. ஆனால் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டின் என்று ஒப்பிட்டபோது லூட்டின் மேலாக நின்றது. பத்து வருடத் தொடர்ச்சி 2022-ல் வெளியானபோதும் அப்படியே. நுரையீரல் புற்றுநோய் கூடியது பீட்டா கரோட்டின் பக்கம் மட்டும்தான். இன்னொன்று: சாப்பாட்டில் லூட்டின் மிகக் குறைவாக எடுத்த ஐந்தில் ஒரு பங்கு ஆட்களைத் தனியாகப் பார்த்தபோது, லூட்டின் மாத்திரை அவர்களுக்கு முற்றும் வாய்ப்பைச் சுமார் 26 சதவீதம் குறைத்திருந்தது. கீரை சாப்பிடாதவர்களுக்குத்தான் மாத்திரை நன்றாகக் கைகொடுத்தது என்று இதை நான் படிக்கிறேன்.

ஆகவே, மருத்துவர் அப்பாவுக்கு எழுதிய மாத்திரை சரியான மாத்திரை. அட்டையைத் திருப்பி ஒருமுறை பாருங்கள்: லூட்டின் 10, ஸியாஸாந்தின் 2, துத்தநாகம், செம்பு, சி, ஈ இருக்கிறதா என்று. லூட்டின் என்ற பெயரை மட்டும் பெரிதாக அச்சடித்து மற்றதெல்லாம் சொற்பமாகப் போட்ட மாத்திரைகளும் கடையில் உண்டு. பீட்டா கரோட்டின் இருந்து, அப்பா இப்போதோ முன்னாலோ பீடி, சிகரெட் பிடித்தவராக இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள். இந்தக் கலவை நடுத்தரக் கட்டத்தில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்கும்தான். நோயே இல்லாத உங்களுக்கும் எனக்கும் இது தேவையில்லை. போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவரவும் செய்யாது, இறங்கும் வேகத்தைத்தான் குறைக்கும்.

சித்தி சொன்ன பொன்னாங்கண்ணியில் நியாயம் இருக்கிறது. பொன்னாங்கண்ணிக்கென்று தனி வசியம் இருப்பதால் அல்ல. கரும்பச்சையாக இருக்கும் எந்தக் கீரையிலும் லூட்டின் நிறைய. முருங்கை, அகத்தி, அரைக்கீரை, கறிவேப்பிலை எல்லாமே கணக்கில் சேரும். பசலை வகை ஸ்பினாச் 100 கிராமில் 12 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கரோட்டினாய்டு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு முற்றிய மாக்குலா சிதைவு 43 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் முன்னால் நின்றவை ஸ்பினாச் போன்ற கீரைகள்தான். இது சாப்பாட்டை விசாரித்து எழுதிய கணக்கு. கீரை சாப்பிடுகிறவர் வேறு பல நல்ல பழக்கங்களும் உள்ளவராக இருக்கலாம். ஆனாலும் மேலே சொன்ன உயிரியலோடு இது ஒத்துப்போவதால் நான் இதை நம்புகிறேன்.

சமைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். லூட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கீரையை வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தால் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியேறிவிடும். என் அம்மா முருங்கைக் கீரையை உருவி, சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, கீரையைப் போட்டுக் கிளறி, கடைசியில் தேங்காய்த் துருவல் தூவி இறக்குவார். சட்டியின் அடியில் தங்கும் எண்ணெயை உற்றுப் பார்த்தால் பச்சை கலந்து தெரியும். கீரையின் நிறமிகள் எண்ணெய்க்கு இறங்கிவிட்டதன் அடையாளம் அது. பச்சையம் மேலே தெரிகிறது, அதன் அடியில் லூட்டின் மறைந்திருக்கிறது. அந்தச் சட்டியில் கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். முட்டை சாப்பிடுகிறவரானால் மஞ்சள் கருவோடு சாப்பிடட்டும். முட்டையில் லூட்டின் அளவு குறைவு, ஆனால் கொழுப்போடு சேர்ந்தே இருப்பதால் நன்றாக உறிஞ்சப்படும்.

அந்த மாத்திரையின் லூட்டின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் செண்டுமல்லியிலிருந்து. மாலை கட்டும் அதே ஆரஞ்சுப் பூ. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நிறமி எடுப்பதற்கென்றே விவசாயிகள் ஒப்பந்தம் போட்டு இதைப் பயிர் செய்கிறார்கள். பூவை உலர்த்தி, கரைப்பான் கொண்டு பிசின் போன்ற சாற்றை எடுத்து, சுத்திகரித்தால் லூட்டின். கோழித் தீவனத்தில் இதைச் சேர்த்தால் முட்டைக் கரு நல்ல மஞ்சளாகும்.

ஒரு எச்சரிக்கை. அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் திடீரென்று தினமும் கீரை என்று ஆரம்பிக்கக் கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வாரத்துக்கு இத்தனை நாள் என்று ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

குங்குமப்பூவை நான் குர்குமினோடு சேர்த்துத் தள்ளமாட்டேன். இத்தாலியின் லாக்விலா பகுதி குங்குமப்பூ விளையும் ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சில்வியா பிஸ்தி என்பவரின் குழு, குங்குமப்பூ சாப்பிட்ட எலிகளின் கண்ணில் கடும் வெளிச்சம் காட்டியபோது ஒளி வாங்கும் செல்கள் குறைவாகச் செத்ததை 2008-ல் காட்டியது. பிறகு 2010-ல் ஆரம்பக் கட்ட மாக்குலா சிதைவு உள்ள 25 பேருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தபோது, விழித்திரை ஒளிக்குக் கொடுக்கும் மின் எதிர்வினை கொஞ்சம் மேம்பட்டது. 2019-ல் ஆஸ்திரேலியாவில் 100 பேரிடமும் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. மனிதர்களிடம், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். ஆனால் மூன்று மாதம்தான், ஆட்களும் கொஞ்சம்தான், நோய் முற்றாமல் தடுக்குமா என்று அந்தச் சோதனைகள் பார்க்கவில்லை. வீட்டில் நல்ல குங்குமப்பூ இருந்து, பாலில் நாலைந்து இழை போட்டுக் கொடுக்க ஆசைப்பட்டால் கொடுங்கள். அதற்காக ஏரெட்ஸ் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறம் ஏற்றிய சோள நார் குங்குமப்பூ என்று விற்கப்படும் ஊர் இது, வாங்கும்போது கவனம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பில்பெர்ரி பழம் இரவுப் பார்வையைக் கூட்டும் என்பது இரண்டாம் உலகப் போர் விமானிகளை வைத்துப் பரவிய கதை. ஒழுங்காக நடத்திய சோதனைகளில் பலன் தெரியவில்லை. ஜிங்கோ இலைச்சாறு கண் அழுத்த நோயில் பார்வைப் புலத்தை மேம்படுத்தியதாக 27 பேரிடம் நடந்த ஒரு சோதனை உண்டு, பின்னால் வந்த இன்னொரு சோதனை அதைக் காணவில்லை. ஆஸ்பிரின் சாப்பிடும் ஒருவருக்கு ஜிங்கோ சேர்த்ததும் கண்ணுக்குள் ரத்தம் கசிந்ததாகப் பதிவு இருக்கிறது. பச்சைத் தேயிலை, திராட்சைப் பொருட்கள் இன்னும் பெரும்பாலும் தட்டிலும் எலியிலும்தான் நிற்கின்றன.

"செடியிலிருந்து வந்ததுதானே, கெடுதல் என்ன செய்துவிடப் போகிறது" என்று யாராவது வீட்டில் சொன்னால், அவர்களுக்குக் கொய்னாவைப் பற்றிச் சொல்லுங்கள். சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ல் பிரித்தெடுத்த குயினைன் அது. நீலகிரியில் ஆங்கிலேய அரசு இதற்காகவே தோட்டம் போட்டது, நடுவட்டத்தில் தொழிற்சாலையும் இருந்தது. மலேரியாவிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. அதையே அளவு மீறிச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் இரண்டு கண்ணும் இருண்டுவிடும். விழித்திரை செல்களுக்கு அது நேரடி விஷம். நடுப்பார்வை திரும்பினாலும் பலருக்குக் குழாய் வழியே பார்ப்பதுபோல் சுற்றுப்புறம் போய்விடும். ஃபாக்ஸ்குளோவ் செடியிலிருந்து வந்த இதய மருந்து டிஜாக்சின் அளவு கூடினால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். கூம்பு செல்களில் சோடியத்தை வெளியே தள்ளும் பம்பை அது தடுப்பதுதான் காரணம். 1785-லேயே வில்லியம் வித்தரிங் அந்த மஞ்சள், பச்சைப் பார்வையை எழுதி வைத்தார்.

நம் ஊர் ரோட்டோரத்திலேயே ஓர் உதாரணம் நிற்கிறது. பிரமதண்டு: முள்ளிலை, மஞ்சள் பூ, ஒடித்தால் மஞ்சள் பால். அதன் விதை கடுகோடு கலந்து எண்ணெயாகிவிட்டால் சாங்குவினரின் என்ற பொருள் உடம்பில் ஏறும். கால் வீங்கும், இதயம் தளரும், கண்ணில் அழுத்தம் ஏறும், விழித்திரையில் ரத்தக் கசிவுகள் தெரியும். 1998-ல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் இது பரவி அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மஞ்சள் பாலைக் கண்ணில் விட்டால் பார்வை தெளியும் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் அப்பாவின் கண்ணில் விட விடாதீர்கள். அது விழித்திரையை எட்டாது, கருவிழியில் பூஞ்சைப் புண்ணைத்தான் கொண்டுவரும்.

ஒரு கிளைக் கேள்விக்கும் இடம் இருக்கிறது. வைட்டமின் ஏ. கீரை, பப்பாளி, கேரட்டின் பீட்டா கரோட்டின் உடம்பில் ரெட்டினாலாக மாறி, குச்சி செல்லின் புரதத்தோடு கூடித்தான் மங்கிய ஒளியைப் பிடிக்கிறது. ஜார்ஜ் வால்ட் 1967-ல் நோபல் வாங்கியது இதற்காகத்தான். அது இல்லாமல் போனால் மாலைக்கண். இந்தியா 1970-லிருந்து குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுத்து வருவது அதனால். தாவரப் பொருள் ஒன்று விழித்திரை செல்லைக் காப்பாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு கிடையாது. ஆனால் பற்றாக்குறை இருப்பவருக்குத்தான் அது மருந்து. ஸ்டார்கார்ட் என்ற பரம்பரை மாக்குலா நோய் உள்ளவர்களுக்கு வைட்டமின் ஏ மாத்திரை கொடுத்தால் நிறமி அடுக்கில் நச்சுக் கழிவு இன்னும் வேகமாகச் சேரும். உங்கள் குடும்பத்தில் இளம் வயதிலேயே நடுப்பார்வை மங்கியவர் யாராவது இருந்தால், எந்தச் சத்து மாத்திரைக்கும் முன்னால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நான் நேரில் பார்த்த ஒன்று. எங்கள் பெரியப்பாவுக்கும் இதே உலர் வகைதான் இருந்தது. ஒரு நாள் ஜன்னல் கம்பி நடுவில் வளைந்து தெரிகிறது என்றார். அவருக்கு வேண்டியவர் ஒருவர் மூலிகைக் கேப்சூல் கொடுத்து, மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். பெரியப்பா அதை நம்பிக் காத்திருந்தார். வளைந்த கம்பி என்பது உலர் வகை ஈர வகையாக மாறியதன் அறிகுறி. விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய் முளைத்துக் கசிகிறது. இதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. சீக்கிரம் போட்டால் பார்வை மேலும் போகாமல் நிற்கும், பலருக்குக் கொஞ்சம் திரும்பவும் செய்யும். மூன்று மாதம் கழித்துப் போனபோது அந்த இடத்தில் தழும்பு விழுந்திருந்தது. அந்தக் கண்ணால் அவர் அதன்பின் செய்தித்தாள் படிக்கவில்லை. அந்தக் கேப்சூலில் விஷம் எதுவும் இல்லை. அது தின்ற மூன்று மாதம்தான் பிரச்சினை.

அதனால் குர்குமின் டப்பாவை ஓரமாக வையுங்கள். மாத்திரை தொடரட்டும், கீரை வாரத்துக்கு நாலு நாள் எண்ணெயோடு போகட்டும். தினமும் காலையில் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடி, மறு கண்ணால் ஜன்னல் கம்பியையோ தரை டைல்ஸ் கோட்டையோ பார்க்கட்டும். பிறகு கண்ணை மாற்றிப் பார்க்கட்டும். கோடு வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.